ரஸ்க்குக்கு நான் போட்ட பூச்சியம்

ரிஸ்வியா தாத்தாவோடு இருபது வருடம் வேலை செய்தவர்கள் இருக்க, மூன்று வருடம் மட்டுமே பழகிய நான் அவர் நினைவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைத் தாத்தா என்றழைக்கும் நம் முறையில், பேக்கரியில் எல்லோருக்கும் அவர் தாத்தாதான்.

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் இருந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. நான் வந்துசேர்ந்தபோது பாண் சுடும் விறகடுப்பான போறணை வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. ரஸ்க் மேசையில் அவருடைய கத்தி கழுவி வைத்தபடியே இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சேர்ந்த மூன்றாம் மாதம், எதை எத்தனை தட்டு செய்தால் இலாபம் மிகும் என்று கணக்கிடச் சொன்னார் முதலாளி. பாண், பணிஸ், கேக், ரஸ்க் நான்கையும் மாறிகளாக வைத்தேன். மாவு, ஆள் நேரம், போறணை நேரம் மூன்றும் எல்லைகள். கணினி ரஸ்க்குக்குப் பூச்சியம் என்றது. அந்த மேசையில் தாத்தாவோடு சேர்த்து நான்கு பெண்கள். அவர்களை நிறுத்துவது பற்றி மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம்.

கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கே தாத்தா என்னிடம் வந்தார். தாளைக் கையால் மறைத்தேன்.

"ஒளிக்காதீங்க புள்ள. எங்கட தலையெழுத்தும் அதுலதானே ஈக்குது."

வரிவரியாகக் கேட்டார். போறணை நேரத்தில் அவர் விரல் நின்றது.

"ரஸ்க்குக்கு மூணு மணித்தியாலமா? ரஸ்க்குக்கெண்டு யாரு புள்ள வெறகு போட்ட? பாண எடுத்த பொறகு, ஆறுற சூட்டுலதானே காயவெக்கிற. அந்தச் சூட்டுல கேக் வெச்சா வேகுமா?"

வேகாது. ஆண்கள் நிற்கும் போறணைப் பக்கம் போகக் கூச்சப்பட்டு, தூரத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே நேரத்தைக் குறித்திருந்தேன். அந்த மூன்று மணித்தியாலத்தை நீக்கி மறுபடி தீர்த்தேன். ரஸ்க் நாற்பது தட்டு என்று வந்தது.

"நேத்து பூச்சியம், இண்டைக்கு நாப்பதா? எது சரி?" என்றார் முதலாளி கூட்டத்தில். கதவருகே நின்ற தாத்தா முந்திக்கொண்டார். "அவவே பிழையக் கண்டு திருத்தின, முதலாளி. தேத்தண்ணி கொண்டு போற நேரம் பாத்தேன்."

அது பொய். அதற்காக நீங்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினீர்கள், நான் மறுக்கவில்லை. பிறகு தாத்தாவிடம் போய் அழுதேன். "படிச்ச புள்ளக்கி பேரு வேணும். எங்களுக்கு அந்த மேச போதும்" என்றார்.

இப்போது எந்த எண்ணை எழுதும் முன்பும் போறணை வாசலில் போய் நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம்.

முதலாளி, அடுத்த மாதம் மின்சாரப் போறணை வருகிறது. அதில் பழைய சூடு நிற்காது. ரஸ்க்குக்குத் தனி நேரம் வேண்டும். புதிய கணக்கும் என்னிடம்தான் வந்திருக்கிறது. மறுபடி பூச்சியம் வரலாம். இம்முறை விரல் வைத்துக் கேட்கத் தாத்தா இல்லை. கூட்டத்துக்கு முன்பு, அந்த மேசையில் மீதியிருக்கும் மூவருக்கும் கதிரை போட்டு, தாளை அவர்கள் முன் விரிக்க எனக்கு அனுமதி தாருங்கள்.