மலர்விழிக்கு விரதம்

மலர்விழியைப் போல பக்தியுள்ள பெண் அதியமான்கோட்டையிலேயே கிடையாது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே களி கிண்டும் சத்தம் இங்கே கேட்கும். ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை தேறும் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்று. லோடு ஆட்டோ ஓட்டும் கணவன் கோவிந்தனுக்கு இரண்டு, ஏழாவது படிக்கும் மகள் பிரியதர்ஷினிக்கு ஒன்று. மலர்விழிக்கு விரதம்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை. சிலிண்டர் விலை ஏறிய வருடம் செவ்வாய்க்கிழமை முருகனுக்குப் போனது. எண்ணெய் விலை ஏறியபோது வெள்ளிக்கிழமையை அம்மன் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார், திங்கட்கிழமைக்கு சிவன் வந்தார். போன ஜூனில் பள்ளி வேன் கட்டணம் ஏறியதும் சனிக்கிழமைக்குப் பெருமாள். விலைவாசி இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சாமி அகப்படாமலா போய்விடும்?

தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை பிரித்துக் காட்டுவது அவள் வேலை. கூட வேலை செய்யும் பெண்கள் டிபன் பாக்ஸை நீட்டினால், "இன்னிக்கு வெரதங்கக்கா" என்பாள். கோவிந்தனிடமும் அதேதான். அவனுக்கு விஷயம் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு உருண்டை லாபம். மகளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் மலர்விழியின் ஒரே கவலை. தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காது.

ஆடி வெள்ளிக்கு எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் அன்னதானம். செலவு அரிசி மண்டி பச்சியப்பனுடையது. மலர்விழி கையால்தான் பரிமாற வேண்டும் என்று அவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் அவள் என்னிடம், "பிரசாதம் சாப்புட்டா வெரதம் கலையாதில்லக்கா?" என்று கேட்டாள். கலையாது என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்து அதையே கேட்டாள். வீட்டில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டி வரும் அல்லவா?

சாம்பார், பொரியல், வடை, பாயசம். நான்கு பந்தி பரிமாறினாள். கடைசிப் பந்தியில் அவளும் உட்காரப் போன நேரத்தில் பச்சியப்பன் மைக்கைப் பிடித்தார். "காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம நமக்கெல்லாம் பரிமாறுன தாயி இவங்க. நம்ம பொம்பளைங்க இவங்களப் பாத்துக் கத்துக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதன் பிறகு எப்படி இலையில் கை வைப்பது? எலுமிச்சம்பழம் ஒன்றையும் பொன்னாடையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டையும் தின்ன முடியாது. வடை வாங்கப் போன பிரியதர்ஷினி கடைசிப் பந்தி ஓரத்திலேயே நின்று, அம்மா உட்காரப் போனதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் சாவி வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தன் தட்டில் இரண்டு உருண்டை. பிரியதர்ஷினி தன் தட்டை அம்மாவிடம் தள்ளினாள்.

"எனக்கு இன்னிக்கு வெரதம்மா. நீ தின்னு."

"பன்னெண்டு வயசுல உனக்கென்னாடி வெரதம்?"

"நீ எதுக்கு இருக்கறியோ அதுக்குத்தான்."

மலர்விழி தட்டைத் திருப்பித் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எந்தக் கெழமைங்கப்பா வெரதம்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். கோவிந்தன் இரண்டாவது உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்திருந்தான். அந்தக் கை வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. அடுத்து அவள் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தாள். சாவியைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.