அம்புக்குறியில் வராத கடல்

இன்று லோஞ்சில் கடல் கடந்து நெடுந்தீவுச் சங்கக்கடைக்குப் போனேன். கையில் நான் மூன்று மாதமாகக் கீறிய படம்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் எல்லாக் கடைகளும் ஒரே ஒழுங்கில் இயங்குவதற்கான படம் அது. திங்களன்று ஓடர் வரவேண்டும். வியாழனன்று ஊர்காவற்றுறைக் களஞ்சியத்திலிருந்து சாமான் போகும். நெடுந்தீவு மட்டும் இரண்டு மாதச் சாமானை ஒரேயடியாகக் கேட்கிறது.

"நெடுந்தீவு ஆக்களும் சம்மதிக்காட்டி படத்தைச் சுருட்டி வையும்" என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

கடை முகாமையாளர் செல்வராணி அக்கா படத்தை மேசையில் விரித்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீர், தம்பி. இந்த அம்புக்குறி எதில வரும்?"

"வியாழக்கிழமை லோஞ்சில, அக்கா."

"சோளகக் காத்துக்க லோஞ்ச் ஓடாட்டி? பால்மா கேட்டு வாற தாய்மாருக்கு இந்தப் படத்தைக் காட்டவோ?"

கடலோரக் கரம்பொன்னில் பிறந்தவன் நான். சைக்கிளில் கந்தோர் வேலைக்குப் போய்ப்போய்க் கடலை மறந்திருக்கிறேன்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன்.

"எங்க போறீர்? காத்து எழும்பிட்டுது. இண்டைக்கு இனி லோஞ்ச் இல்லை."

நம்பாமல் மூன்று தரம் இறங்குதுறைக்கு நடந்துவிட்டேன். இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை. அக்கா இரண்டாவது தேத்தண்ணியும் தந்துவிட்டார்.

கந்தோரில் யாராவது தேடினால், அம்புக்குறியின் முனையில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.