அக்கா எழுதாத வரி

எங்கள் வீட்டின் மூத்த பெண்ணாக மந்தைவெளியில் பிறந்து, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மறைந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும், பழசைக் கிளறாதே என்று சித்தப்பா கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும் சித்தப்பா, கிளறத்தான் போகிறேன்.

அத்தானின் துறைமுக வேலைக்காக அக்கா மொசாம்பிக் நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே போர்த்துகீசியம் பேசுவார்கள். மீன் பேரம் பேசவும் வீட்டு உரிமையாளரிடம் சண்டை போடவும் கற்றுக்கொண்ட பாஷை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அத்தான் திடீரென்று காலமானதும் மந்தைவெளிக்கே திரும்பி வந்தார். அதன் பிறகு நம் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் அவரை முன்னால் நிற்க விட்டதில்லை. தாலி கட்டும் நேரத்தில் பின்கட்டுக்கு அனுப்பிவைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அக்கா அதற்கெல்லாம் ஒரு வார்த்தை பதில் பேசியதில்லை.

போர்த்துகீசியப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசனம் எழுதித்தான் அவர் பிழைத்தார். "வீட்ல உக்காந்து டைப் அடிக்குது" என்று நீங்கள் சொன்ன வேலை அதுதான். ஒவ்வொரு வரியையும் முதலில் நம் வீட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அது கோபமா, குத்தலா, அழுகையா என்று பிடிபட்ட பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போவார். கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று அந்த ஊரில் சொன்னால், ஏமாந்து நின்றான் என்று அர்த்தம். அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டே "பட்டை நாமம் போட்டுட்டாங்க" என்று பல குரலில் சொல்லிப் பார்த்துவிட்டு, "லெஃப்ட் ஹை அண்ட் ட்ரை" என்று எழுதுவார்.

அவர் கடைசியாக எழுதிய படத்தில், மாமியார் வீட்டில் காலமெல்லாம் அவமானப்பட்ட ஒரு தாய், மகனின் சவத்தருகே நின்று பேசுகிறாள். தேரைகளை விழுங்கினேன் என்கிறாள். அவமானத்தை வாய் திறக்காமல் தாங்கினேன் என்பதைத்தான் அந்த மக்கள் அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்காக அக்கா ஒரு நாள் முழுக்க அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு, நாவடக்கி இருந்தேன் என்ற பொருளில் நல்ல ஆங்கிலம் எழுதினார். அவருக்கு வேலை கொடுத்த தி.நகர் கம்பெனியில் சரிபார்த்த அறிவாளி, மூலத்தில் தேரை இருக்கிறது, இவர் வரியில் காணோமே என்று தேரையை உள்ளே போட்டுவிட்டார். ஒரு போன் செய்து கேட்கவில்லை.

அபிராமபுரத்தில் அந்தப் படத்தைத் திரையிட்டபோது, சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு அக்கா உங்களையெல்லாம் ஆசையாக அழைத்துப் போனார். மகனை இழந்தவள் தேரை விழுங்கியதாகத் திரையில் வந்ததும் அரங்கமே சிரித்தது. நம் வரிசையும் சிரித்தது. முடிவில் மொழிபெயர்ப்பு என்று அக்காவின் பெயர் வந்தது. "இன்னாக்கா, அந்தம்மாவ தவளையெல்லாம் முழுங்க வெச்சிட்ட" என்று வாசலில் ஆரம்பித்தார் பெரியம்மா மகன். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, எல்லா இடத்திலும் அவர் தவளை அக்கா. அவருடைய கருமாதிப் பந்தியிலும் அந்தப் பெயரைக் கேட்டேன். அது தவளைகூட இல்லை, தேரை. கிண்டலையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

வரியைத் திருத்தும்படி அக்கா கம்பெனியிடம் கெஞ்சினார். ஒரு வரிதானே மேடம் என்றார்கள். அடையாறு ஆஸ்பத்திரியில் பேச்சு குறைந்துபோன நாட்களிலும் அவருக்கு அதே கவலை.

"நான் போனாலும் அது என் பேர்லதாண்டி இருக்கும். அத மட்டும் மாத்தச் சொல்லு."

நானும் நடையாய் நடந்தேன். போன மாதம் மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்கள்: அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்களாம். தேரை அப்படியே இருக்கிறது. அவர் பாடுபட்டு எழுதிய மற்ற வரிகளெல்லாம் இப்போது யாருடையவையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைக் கூச்சமில்லாமல் துடைத்துவிட்ட நர்ஸ் பெண்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு பர்வீன் அம்மாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அரங்கில் சிரித்தவர்களுக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கிறோம். நன்றி சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த வரியை அக்கா அடுப்படியில் சொல்லிப் பார்த்தது என் காதிலேயே இருக்கிறது. படத்தில் வரும் தாய்க்காகச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். கீழே அச்சிட்டிருக்கிறேன். முடிந்தால் இப்போது சிரியுங்கள்.

"இத்தனை வருஷமா இந்த வீட்ல வாயத் தொறக்காம எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்."