ஊறப்போட்ட தூண்டில் தடி

அந்தத் தூண்டில் தடியைக் கெடுத்தது நான்தான், வேற ஒருத்தரும் இல்லை. நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுக் கெடுத்தனான்.

இங்க வெளிநாட்டில, பீல் எண்ட ஊரில ஒரு முதியோர் இல்லத்தில எனக்குப் பராமரிப்பு வேலை. என்ர மாடியில ஒரு கிழவர் இருந்தார். மணிக்கூட்டுப் பக்டரியில காலம் முழுக்க வேலை செய்து ஓய்ஞ்சவர். நான் அவரை மரியாதைக்கு, அவையின்ர பாசையில, மொசியே எண்டு கூப்பிடுவன், அவர் என்னை மதாம் எண்டுவார். நினைவு கழண்டு கொண்டு போச்சு. பெத்த மகளையே ஆரோ எண்டு பாப்பார். ஆனா அலுமாரிக்கு மேல ஒரு நீளப் பெட்டி. அதுக்குள்ள மூண்டு துண்டாக் கழட்டி வைச்ச மூங்கில் தடி. யப்பானில ஆரோ கையாலயே செய்தது. அவற்ர மனிசி, கலியாணம் முடிச்ச புதுசில, அங்க போயிருந்தேக்க வாங்கிக் குடுத்ததாம்.

பின்னேரம் அதை எடுத்துக் குடுத்தாப் போதும். மூண்டு துண்டையும் தானே பூட்டுவார். நடுங்கிற கை நிண்டுடும். யன்னலைப் பாத்து மணிக்கட்டை மெல்ல ஆட்டிக்கொண்டு, "இங்கால வராதை, சப்பாத்து நனையப்போகுது" எண்டு செத்துப்போன மனிசியோட கதைப்பார். பேர் வரும், அவ போட்டிருந்த சட்டையின்ர நிறம் வரும், சிரிப்பும் வரும். தடியைப் பெட்டிக்குள்ள வைச்சா மனிசியும் இல்லை. அவ்வளவுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தா அடியில மாப்போல ஒரு தூள். ஐயோ கடவுளே, உளுத்துப்போச்சு எண்டு நினைச்சன். வன்னியில எங்கட வீட்டில மூங்கிலைக் குளத்தில ஊறப்போட்டு எடுத்தாத்தான் வண்டு அண்டாது. எனக்கு அதுதான் தெரியும். இன்னொண்டும் இருக்கு. சண்டை முடிஞ்ச 2009 வைகாசியோட என்ர தம்பி இல்லாமப் போனான். அவன்ர ஒரு படமோ, அவன் போட்ட ஒரு சேட்டோ என்ர கையில இல்லை. இந்த மனிசனுக்கும் அப்பிடி ஆகக்கூடாது எண்டு துடிச்சுப்போனன்.

மாடிக்குப் பொறுப்பா இருக்கிறவவை ஒரு சொல் கேட்டனானோ? இல்லை. மூங்கிலைப் பற்றி இந்த வெள்ளையளுக்கு என்ன தெரியும் எண்ட திமிர்! நடைபாதைக் கடைசித் தொங்கலில பாவிக்காத குளியல் தொட்டி ஒண்டு இருந்தது. தண்ணியை நிரப்பி, மூண்டு துண்டையும் தாட்டு, மிதக்காம இருக்க ஈரத் துவாய்களை மேல போட்டன். "மொசியே, இதுக்குக் கொஞ்சம் சுகமில்லை, திங்கள் தாறன்" எண்டன். "கவனம் மதாம்" எண்டார். கெட்டிக்காரி எண்ட நினைப்போட பஸ் ஏறி வீட்டை போனன்.

திங்கள் துவாயை விலத்தினன். தடி இல்லை. ஈர்க்குக் கட்டை அவிழ்த்து விட்ட மாதிரி மெல்லிய சிலாம்புகள்தான் தண்ணிக்குள்ள கிடந்தது. தடியைச் சுத்தியிருந்த பட்டு நூல் தனியா மிதந்தது. பிறகுதான் அறிஞ்சன், அது முழு மூங்கில் இல்லையாம். ஆறு சிலாம்பாப் பிளந்து, சீவி, ஒட்டிச் செய்யிறதாம். வேலை முடிஞ்ச கையோட எல்லாத்தையும் துவாயில சுத்திக்கொண்டு மீன்பிடிச் சாமான் கடைக்கு ஓடினன். கடைக்காரர் விரலால தொட்டுப் பாத்தார்.

"பழைய காலத்து, மாட்டுத்தோல் காய்ச்சின பசை. தண்ணியில கரைஞ்சிடும். இனி ஒண்டும் செய்யேலாது."

"உளுத்துக் கொட்டினதே, அதுக்குத்தானே ஊறப்போட்டனான்!"

அவர் கைபிடியை நெருடிக் காட்டினார். அதே தூள் ஈரமா விரலில ஒட்டிச்சுது. "இது கார்க், போத்தல் அடைக்கிற தக்கை. பழசாப் போனா உதிரும். மூங்கிலுக்கு ஒரு குறையும் இருக்கேல்ல மதாம்."

சிலாம்புகளைத் திரும்பவும் துவாயில சுத்திக்கொண்டு வெளிய வந்தன்.

கிழவருக்கு உண்மையைச் சொன்னன். குழந்தை மாதிரி அழுதார். அடுத்த நாள் எல்லாம் மறந்துபோய், "என்ர தடி எங்க?" எண்டார். திரும்பவும் சொன்னன், திரும்பவும் புதுசா அழுதார். மூண்டாம் நாளும் அதேதான். பொறுப்பானவ என்னை ஏசுவா எண்டு பாத்தன், ஏசேல்ல. "இனிச் சொல்லாதை, திருத்தக் குடுத்திருக்கு எண்டு சொல்" எண்டா. அண்டையில இருந்து நான் பொய்க்காரி. "எப்ப வரும்?" "வாற கிழமை மொசியே." மாசக்கணக்கா இதே கதை. பிறகு நாளுக்கு நாள் கேக்கிறது குறைஞ்சு, ஒரேயடியா நிண்டுட்டுது. யன்னல் பக்கம் பாக்கிறதையும் விட்டிட்டார்.

எனக்குப் பொறுக்கேல்ல. அவற்ர மகள் வரேக்க மனிசியின்ர படம் ஒண்டு கொண்டுவாங்கோ எண்டு கெஞ்சினன். கொண்டுவந்தா. பொன்நிறத் தலைமயிரோட சிரிச்சுக்கொண்டு நிக்கிற இளம் பெட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில முழங்காலில இருந்து அவற்ர கையில குடுத்தன்.

"இது ஆர் மொசியே? வடிவாப் பாருங்கோ."

கனநேரம் பாத்தார். பிறகு கறுத்த என்ர முகத்தையும் பாத்தார். மரியாதையாக் கேட்டார்:

"உங்கட அம்மாவோ, மதாம்?"