தொப்பூர் இறக்கத்தில் ஒரு விமர்சனம்

போன வாரம் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, சேலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வாடகைக் காரில் கிளம்பினேன். டிரைவர் மாதையனுக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமான மனிதர் - நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிகிறவரை.

தொப்பூர் கணவாய் இறக்கம் ஆரம்பித்ததும் தொண்டையைச் செருமினார்.

"சார், நானும் ஒரு இயற்கைக் கவிதை எழுதியிருக்கேங்க. வூட்ல கூடக் காட்டல. கேட்டுட்டு எப்படி இருக்குதுன்னு சொல்றீங்களா?"

அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத லாரி எந்த நிமிடமும் பின்னால் வரலாம். கியரைக் குறை, வேகத்தைக் குறை என்று வழிநெடுக போர்டு... ஆனால், ஆசையாகக் கேட்கிறவரிடம் மாட்டேன் என்றா சொல்வது?

"மலையே, நீ பூமியின் மகுடம்" என்றவர், என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "மேகமே, நீ மலையின் குடை." மறுபடி திரும்பினார். முன்னால் போன கன்டெய்னர் லாரியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பிரமாதம்ங்க" என்று கத்தினேன். பாராட்டினால் பேச்சு முடிந்துவிடும் என்றுதானே நினைப்போம்?

முடியவில்லை. உற்சாகத்தில் கார் வேகமெடுத்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை செல்போனில். "இன்னும் நெறைய இருக்குதுங்க சார், இருங்க எடுக்கறேன்."

இத்தனை வருடமாக எல்லோருக்கும் 'சூப்பர்' சொல்லியே தப்பித்தவன் நான். பாராட்டும் ஆளைக் கொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. பெண்டாட்டி, பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

உயிர்ப் பயத்தில் பொய் வரவில்லை. "மாதையன், கவிதை நல்லா இல்லைங்க" என்றேன். "மகுடம், குடையெல்லாம் எல்லாரும் எழுதறதுதான். தினமும் இந்த மலை வழியா வர்றது நீங்க. உங்களுக்கு என்ன தோணுச்சு? அது இல்லையே."

கோபத்தில் ஏதாவது செய்துவிடுவாரோ? கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் போனைக் கீழே வைத்தார். கியரைக் குறைத்தார். இறக்கம் முடியும்வரை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடிவாரத்து டீக்கடையில் ஓரங்கட்டி, என்னிடம் பேனா வாங்கினார். டீ ஆறும்வரை எழுதினார்.

"தினமும் உன்னைக் கடக்கிறேன்.
மலையே, ஒரு தடவையாவது
என்னைத் திரும்பிப் பார்த்தாயா?"

"இப்ப எப்படிங்க சார்?"

நிஜமாகவே நன்றாக இருந்தது. சொல்ல வாய் துடித்தது. ஆனால் சேலம் இன்னும் தூரம் இருக்கிறதே... "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கி, அவர் இன்ஜினை அணைத்த பிறகுதான் பாராட்டினேன்.