உப்பில்லாத தக்காளி

பூமாலைக் கடையைக் கடக்கும்போதெல்லாம் என் கால் தடுமாறும். மாலையின் நடுநடுவே வைத்துக் கட்டுகிற திருநீற்றுப்பச்சிலையின் வாசனை மூக்கில் ஏறியதும் தெரு போய்விடும், வெயில் போய்விடும். உடப்புசல்லாவைப் பக்கத்து மலையுச்சியில், கரிபிடித்த ஒரு பங்களாக் குசினிக்குள் நின்றுகொண்டிருப்பேன். ஒரே ஜன்னல். அதற்கும் கம்பிவலை. வலைக்கு அப்பால் பனி. பனிக்கு அப்பால் தேயிலை. தேயிலைக்கு அப்பாலும் தேயிலை.

1930-களில் அங்கே நான் சமையல்காரன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசானி, கல்யாணத்துக்கு முன்பு இத்தாலியில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த விதையைத் தொட்டியில் போட்டு அந்தப் பச்சிலையை வளர்த்தார். கோழியின் நெஞ்சுக்கறியைத் தட்டி மெல்லிதாக்கி, முட்டையில் நனைத்து, ரொட்டித்தூளில் புரட்டி வெண்ணெயில் பொரிக்க வேண்டும். அதன் மேல் வேகாத தக்காளி, வெங்காயம், கிள்ளிய பச்சிலை, எலுமிச்சைச் சாறு. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் என் மனைவியிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சாமிக்குப் போடுற எலைய கோழிக்குப் போடுறாங்களா? வெளங்கும்!"

அந்தச் சமையல் எனக்கு நன்றாகக் கைவந்தது. அதுதான் வினையாயிற்று.

அவளுக்கு நிறைமாதம். பூண்டுலோயாவில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போக மாமனார் வந்துவிட்டார். எங்கள் முதல் பிள்ளை பிறந்ததும் இறந்ததும் நான் பங்களாவில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பகலில். இந்தமுறை கூட இருக்க வேண்டும் என்று லீவு கேட்டேன். துரை தோட்டத்துத் தமிழில் முடித்துவிட்டார்: "நீ போனா யாரு சமைக்கிறது? முடியாது."

மனைவி யோசனை சொன்னாள். "இன்னைக்கு உப்ப அள்ளிக் கொட்டுங்க. தின்னுப்புட்டு அவங்களே தொரத்தி விடுவாங்க. காலையில எல்லாருமா போயிருவோம்."

"கை வருமான்னு தெரியலயே புள்ள."

"எஞ்சோத்துல உப்பு கூடுனா என்னா பேச்சு பேசுறீங்க! அதையே நெனச்சுக்கிட்டுப் போடுங்க."

அன்று மாலை கோழியில் இரண்டு பங்கு உப்பைத் தேய்த்தேன். கை கூசியது. தக்காளியிலும் கொட்டலாம் என்று திரும்பினேன். அந்நேரம் பார்த்து துரைசானி உள்ளே வந்தார்.

"இன்னிக்கு நான் வெட்டறேன்," என்று கத்தியை வாங்கிக்கொண்டார்.

ஜன்னலைப் பார்த்துப் பார்த்து நறுக்கினார். பனியைத் தவிர அவருக்குமே அங்கே எதுவும் தெரிந்திருக்காது. தக்காளி குவிந்துகொண்டே போயிற்று. உப்புச்சாடியை அவர் தொடவில்லை. கோழியில் இருக்கிறதே என்று விட்டிருப்பார். பக்கத்திலேயே நின்றதால் என்னாலும் தொட முடியவில்லை.

மேசையருகே நின்றேன். துரை முதல் துண்டை மென்றார். என் வாழ்நாளில் ஒரு திட்டுக்காக நான் அப்படி ஏங்கியதில்லை. தக்காளிச் சாறு ஊறி ஊறி, கோழியின் உப்பையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது போலும். துரை தட்டை வழித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இன்னொண்ணு கொண்டா." நான் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது: "இந்த வாரம் விருந்தாளி வருது. இதே கோழி செய்."

குசினிக்குத் திரும்பினேன். ஜன்னலில் வலை இருந்தது. வெண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

காலையில் மாமனார் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். ரோட்டு வளைவு வரைதான் எனக்கு அனுமதி. "தக்காளி கெடுத்துப்புடுச்சு புள்ள," என்றேன். அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே பங்களா மணி அடித்தது.

"கூப்புடுறாங்க, போங்க," என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பினாள்.

"பொறக்குற புள்ளைக்காவது சமைக்கக் கத்துக் குடுத்துறாதீங்க."