ஓன்சே ஆனதும் திற

யெர்கா அராயாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சிலி நாட்டுத் தால்தால் துறைமுகத்தில் மீன் ஏலம் போட்ட அம்மாவுக்குப் பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்? பொறியியல் படித்து, மலைமேல் இருக்கும் இந்தத் தொலைநோக்கிக்கு வேலைக்கு வந்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை.

அவள் பொறுப்பில் இருந்தது ஒரு வளையும் கண்ணாடி. வானத்துக் காற்று நடுங்கினால் நட்சத்திரம் கலங்கித் தெரியும் அல்லவா? அந்தக் கலக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, நொடிக்கு ஆயிரம் தடவை வளைந்து கொடுத்து, கேமராவுக்குத் தெளிவான படத்தைத் தருவது அதன் வேலை. வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். போன மாதச் சோதனையில் ஏதோ கம்பி கழன்று மானம் போயிற்று. இன்றைக்கும் சொதப்பினால் கண்ணாடியைச் செய்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக இயக்குநர் டோன் எவாரிஸ்தோ கறாராகச் சொல்லிவிட்டார்.

"சொதப்பாது டோன். சொதப்பினா என்னையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புங்க," என்றாள் யெர்கா.

பொழுது சாய்ந்து இருட்டியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் இரட்டை நட்சத்திரத்தைப் பிடித்தார்கள். இரண்டாகத் தெரியவேண்டியது, கஞ்சி கொட்டினாற்போல ஒரே திட்டாகக் கிடந்தது.

"என்னம்மா, உன் செல்லம் காலை வாரிருச்சா?" என்றார் டோன் எவாரிஸ்தோ.

யெர்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உயரத்துக் காற்று என்றால் கலக்கம் விரைந்து ஓடும். இதுவோ சோம்பேறி மாதிரி ஒரே இடத்தில் புரண்டுகொண்டிருந்தது.

"இது வானத்துக் காத்து இல்ல டோன். உள்ளேயே அடைஞ்சு கிடக்கிற சூடு."

வாக்கி-டாக்கியை எடுத்து, குவிமாடத்தில் இருந்த டெட்லெஃப்பைக் கூப்பிட்டாள். ஜெர்மன்காரன், புதுசு. இங்கே பேசும் ஸ்பானிஷைப் புத்தகத்தில் படித்தவன்.

"காத்துக் கதவையெல்லாம் திறந்தியா இல்லையா?"

"இன்னும் நேரம் இருக்கே? 'ஓன்சே ஆனதும் திற'ன்னு நீங்கதானே சொன்னீங்க? பதினொண்ணு ஆகலையே."

அறையே சிரித்தது. ஓன்சே என்றால் பதினொன்றுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சிலியில் சாயங்காலத் தேநீருக்கும் அதே பேர். ரொட்டியும் பால்தா என்கிற அவகாடோ பழமும் தின்று முடித்ததும் திற என்று அவள் சொன்னதை, பாவம், அவன் கடிகாரத்தில் தேடியிருக்கிறான்.

கதவுகள் திறந்தன. சூடு வெளியேறியது. திட்டு மெல்லச் சுருங்கியது, நடுவில் இடுங்கியது, பிறகு பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள்.

டோன் எவாரிஸ்தோவின் முகம் மட்டும் இளகவில்லை. "தலைமையகத்துக்குப் பதில் சொல்லணும். இத்தனை நேரம் வீணானது யார் தப்பு?"

கீழே இறங்கி வந்திருந்த டெட்லெஃப் வாயைத் திறப்பதற்குள் யெர்கா முந்திக்கொண்டாள். "என் தப்பு. மணி சொல்லாம வீட்ல பேசுற மாதிரி பேசிட்டேன். என் பேரையே எழுதுங்க. கண்ணாடியைப் பத்தி மட்டும் குறையா ஒரு வரிகூட எழுதாதீங்க."

டோன் எவாரிஸ்தோ பேனாவை எடுத்தார்.

"சரி, உன் பேரை எழுதிக்கிறேன். கண்ணாடி இங்கேயே இருக்கட்டும்."

எதற்கும் பதில் வைத்திருக்கிற யெர்கா, எல்லோர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதாள்.